சின்னப்போடியார் ஏற்றிவிட்ட சாக்கு

திருகோணமலை ரயில் நிலையத்தில் அன்று காலை கிளிவெட்டி வயற்காரர் சின்னப்போடியாரைப் போல் சந்தோஷமான மனிதர் வேறு எவரும் இல்லை.

கண்டிப் பக்கம் போகிற ரயில் முழுக்க வெள்ளைக்கார ஆர்மிக்காரர். அந்த நெரிசலுக்குள் முண்டியடித்து ஏறி, இளந்தாரி கனகசிங்கத்துக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர்தான் வியர்க்க வியர்க்க இறங்கி வந்தார்.

கனகசிங்கம் கிளிவெட்டிப் பக்கத்துக் காட்டுக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தன். கண்டியில் காட்டு இலாகாவின் பெரிய கூட்டம் நடக்கிறது. இளம் ஆட்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். போய்வர அவனுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் போட்டுப் போகக் கோட் இல்லை, காலுக்குச் சப்பாத்தும் இல்லை. சம்பளமோ வாய்க்கும் வயிற்றுக்குமே காணாது.

சின்னப்போடியார் விடுவாரா? பட்டணத்தில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த கிளாக்கர் சிவகுருவின் கையைக் காலைப் பிடித்துக் கோட்டை இரவல் வாங்கினார். சப்பாத்தும் அவருடையதுதான், விரல் கொஞ்சம் கடிக்கும். டிக்கெட்டும் கட்டுச்சோறும் சின்னப்போடியாரின் செலவு.

ஊரே வாயில் விரலை வைத்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஆடாதுதான். அவர் ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும். மகள் ராசமலருக்கு ஆவணியில் கல்யாணம் செய்துவைக்க நினைத்திருந்தார், மாப்பிள்ளை இன்னும் முடிவாகவில்லை. சுவர் எழும்பிவிட்டது, முகட்டு வளைக்குத்தான் மரம் இல்லை. காட்டில் நல்ல முதிரை மரம் ஒன்றில் அவர் கண் வைத்திருந்தார். யுத்தம் வந்ததில் இருந்து நல்ல மரமெல்லாம் துறைமுக வேலைக்கே போய்விடும். வாய் விட்டுக் கேட்டும் பார்த்தார். இந்தக் கனகசிங்கம் ஒரு சுள்ளி முறிக்கவும் விடமாட்டேன் என்றுவிட்டான்.

முகடில்லாத வீட்டுக்குள் மகளை எப்படிக் குடிவைப்பது? அதை நினைத்து நினைத்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை.

அப்போதுதான் கண்டிக் கூட்டம் வந்தது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. கோடாலிகளும் மரமறுக்கும் பெரிய வாளும் தீட்டி வைக்கோல் போருக்குள் ஒளித்தாயிற்று. வண்டில்காரன் தம்பு மாட்டு வண்டிலோடு காத்திருக்கிறான். பையன் ரயிலேறினால் மரம் சாய்ந்த மாதிரித்தான்.

ரயில் கூவியது.

பையனின் சாக்கு ஒன்று மட்டும் இன்னும் கீழே கிடந்தது. மூதூரில் லோஞ்ச் படகில் ஏறியதில் இருந்து அதை, வழியனுப்பக் கூட வந்த ராசமலர் ஒருவரையும் தொட விடவில்லை. "விடு பிள்ளை" என்று சின்னப்போடியார் தானே அதைத் தூக்கி ஜன்னலுக்குள் தள்ளினார். இடுப்பு விட்டுப்போகும் பாரம்.

"என்ன தம்பி, கல்லோ கட்டினனீர்?"

உள்ளே விழுந்த சாக்கு டங்கென்றது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

"கூட்டத்தில கண்காட்சியும் இருக்காம், மாமா. எங்கட பக்கத்துக் கோடாலி, வாள் எல்லாம் கொண்டு வரட்டாம். வைக்கோல் போருக்குள்ள இருந்து ராசமலர்தான் எடுத்துத் தந்தவ."

ஐயோ! சின்னப்போடியார் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மேலே போன ஏரோப்பிளேனை ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதல் காண்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, கள்ளிக்கு.

ரயில் நகர்ந்தது. கனகசிங்கம் ஜன்னலால் தலையை நீட்டினான்.

"கோவிக்காதேங்கோ மாமா! பெரிய துரை கூட்டத்துக்கு வருவார். அந்த முதிரையை முறையாக் கேட்டு வாங்கிக்கொண்டு வாறன். கள்ள மரம் போட்ட முகட்டுக்குக் கீழ படுத்தா எனக்கு நித்திரை வராது!"

சின்னப்போடியாருக்கு முதலில் வந்தது கோபம்தான். அது தொண்டைவரை வந்து, அங்கே என்ன ஆனதோ, பெரிய சிரிப்பாக வெடித்தது. பிளாட்பாரத்து ஆர்மிக்காரரும் விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயிலோடு ஓடினார். இவ்வளவு நாளும் வாய் நிறையத் தம்பி என்றவர், அன்றைக்குத்தான் அவனை அப்படிக் கூப்பிட்டார்:

"மாப்பிள்ளை! வாள் கவனம்! பல்லுப் புதுசாத் தீட்டினது!"