எட்டு மைக்கும் ஒரு கேமராவும்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு மைக்குகளுக்கு நடுவே ஒலிப்பதிவாளனின் மச்சினன் ட்ரம்ஸோடு வியர்த்து உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து வாசித்ததைக் கேட்க ஹெட்போன் மாட்டியிருக்கிறான். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் பதிவை ஓடவிட்டுத் திரையை உற்றுப் பார்க்கிறான். நேற்று கணினியில் சவுண்ட் டிரைவர் மென்பொருளை மாற்றியதில், பாழாய்ப்போன லினக்ஸ் எட்டு சேனல் சவுண்ட் கார்டை ஓரங்கட்டிவிட்டு, திரைமேல் ஒட்டிக்கிடக்கும் கேமராவின் அற்ப மைக்கை முதலில் உட்காரவைத்திருக்கிறது. ஏழு தடங்கள் செத்துக் கிடக்க, ஒன்றில் மட்டும் பச்சைக் கோடு துடிக்கிறது. அதில் ட்ரம்ஸ் இல்லை. தன் நாற்காலி முனகுவதும், பிஸ்கட்டைச் சவக் சவக்கென்று மெல்லுவதும், மூக்கை உறிஞ்சுவதும் கேட்கக் கேட்க அவனுக்கே அருவருப்பாக இருக்கிறது. பிறகு அவன் குரலே வருகிறது: "தகர டப்பாவ உருட்டுறான். இவன் அக்கா முகத்துக்காகத்தான் பொறுத்துக்கிறேன்." நிறுத்தப் போவதற்குள் மச்சினன் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். எழுந்து, கண்ணாடியைப் பார்த்து, நிதானமாக ஏதோ சொல்கிறான். எட்டு மைக்கில் ஒன்றுகூட அதை எடுக்கவில்லை.