ஃபேதம்: வினைச்சொல்

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் நான் தலைமைப் பதிப்பாசிரியராகச் சேர்ந்த இரண்டாம் நாள்.

எஃப் எழுத்தை இருவர் கவனித்தார்கள். பொருள் எழுதுபவர் ஜன்னலோரம். அதைச் சரிபார்க்கும் அம்மாள் எதிர் மேசை. நடுவில் நான்கடி இருக்கும். ஆனாலும் வாய் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் சீட்டில்தான். ஒவ்வொரு சீட்டும் என் ஒப்பத்துக்காக என் மேசையைச் சுற்றிக்கொண்டு போனது.

என்ன ஒழுங்கு! பூரித்துப்போனேன்.

பதினோரு மணிக்கு 'ஃபேதம்' (fathom) வந்தது. பொருள் எழுதுபவர் உச்சரிப்பை அவசரத்தில் 'பேதம்' என்று எழுதியிருந்தார். ஆய்த எழுத்தை நானே போட்டேன்.

'வினைச்சொல். பிறர் மனதை ஆழம் காணுதல்.'

அம்மாளின் சிவப்பு மை கேட்டது: 'பிறர் என்றால் யார்? பக்கத்திலேயே இருப்பவர் அதில் சேர்த்தியா?'

நுட்பமான கேள்வி. ஒப்பமிட்டேன்.

ஜன்னலோரத்துப் பதில்: 'சேர்த்தி. ஆனால் கடினம்.'

'கடினம் என்பது பொருள் ஆகாது, சாக்கு. சொல் பிறந்த கதை எங்கே?'

அவர் பக்கம் நிறைய எழுதினார்: 'மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்குவார்கள். மேலே இழுக்கும்போது, விரித்த இரு கைகளுக்கு நடுவே அடங்கும் கயிறு ஒரு ஃபேதம். ஆறடி. கடலை அளந்த சொல், பிற்பாடு மனதை அளக்க வந்தது.'

'சரி. கப்பல் ஏறுமுன் அந்தச் சொல் என்ன செய்துகொண்டிருந்தது?'

அந்தச் சீட்டை அவர் வெகுநேரம் பார்த்தார். தலையணைத் தடிமனில் சொற்பிறப்பியல் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பேனாவை மூடினார். எழுந்து போய், அம்மாளின் மேசை முன் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"ஆறடி வராது" என்றார் அம்மாள்.

இரண்டு நாளில் அம்மாளின் குரலை அப்போதுதான் கேட்டேன். அந்த மனிதர் அளந்து பார்க்கத்தான் எழுந்து போனார் என்று நினைத்தேன். விரித்த கைகள் அம்மாளைச் சுற்றி மூடிக்கொண்டன. அம்மாளின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

ஜன்னலோர மேசையில் புத்தகம் திறந்தபடி கிடந்தது. எட்டிப் பார்த்தேன். 'பழம்பொருள்: தழுவுதல்.'

இருக்கட்டும். அதற்காக அலுவலக நேரத்திலா? அதுவும் என் கண்ணெதிரே!

சூட்டோடு சூடாக ஆளுக்கொரு மெமோ எழுதி உறையிலிட்டேன். தபால் பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டு, இரண்டையும் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

எழுத்தர் பெயர்களைப் படித்தார். ஓர் உறையை என் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

"ஒரு கவர் போதும் சார். ரெண்டு பேரும் ஒரே வீடுதான். ஒரு மாசமா பேச்சுதான் இல்ல."