பாக்கி ஒரு கையெழுத்து

“இன்னாடா நிலவா, கடப்பாரைய தரையில போட்டு இஸ்துகினு போறதுக்குப் பேரு பாட்டா?”

காசிமேட்டுப் பழைய ஐஸ் கிடங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் கிருஷ்ணப்பன். தெரு நலச் சங்கச் செயலாளர். எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதுவரை தனக்குத் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

நிலவன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்தான். ஷிஃப்ட் முடிந்து வந்த நீலச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவன், கிட்டார் ஜெரி, டிரம்ஸ் சுஃபியான், பாடுவதற்கு ஒருவர் என நாலு பேர் சேர்ந்த ஹெவி மெட்டல் கோஷ்டிக்குப் பெயர் ‘கொதிகலன்’. முதல் ஆல்பம் ஏழு பாட்டு முடிந்து, எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் உள்ளே, மூடிய ஐஸ் அறையில். குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

“ஆறே நிமிசம் மாமா. இந்தப் பாட்டு முடிஞ்சா ஆல்பமே முடிஞ்சிது.”

“ஆறு நிமிசமும் கெடையாது, அரை நிமிசமும் கெடையாது.” கையிலிருந்த மனுவை ஆட்டினார். “நாப்பத்திரெண்டு வூடு. நாப்பத்தொண்ணு கையெயுத்து போட்டாச்சு. ஒண்ணு பாக்கியில்லாம எல்லா வூடும் போட்டா, இன்னிக்கே இந்தக் கெடங்கப் பூட்டிடறேன்னு ஓனர் வேதமாணிக்கம் சொல்லிக்கீறாரு.”

கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, இந்தப் பசங்களின் கூத்தை நினைத்துத்தான் என்று அவருக்கு எண்ணம்.

“பாக்கி யார் வூடு மாமா?” சுஃபியான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

“என் வூடுதான். பத்திரம் பட்டம்மா பேர்ல கீது, அதான். கோயிலுக்குப் போய்க்கீறா, வந்தா போட்டுடுவா. மீன் ஏலத்துல கூவிக்கினு இருந்தவளையே, செக்ரட்டரி பொண்டாட்டி கத்தக் கூடாதுன்னு வாய மூட வெச்சவன்டா நான். இப்போ மூணு மாசமா தொண்டை கட்டிக்கினு, சுக்குத்தண்ணி குடிச்சிக்கினு கம்முனு கீறா. நீங்க எனக்கு எம்மாத்திரம்?”

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. மேசைமேல் டீ கிளாஸ் நடுங்கியது.

கிருஷ்ணப்பன் காதைப் பொத்திக்கொண்டார். “எவன்டா அவன், மணலி டேங்கர் லாரி மேடு ஏறுறாப்புல கத்தறது? இந்தக் கொரலோட ஒரே வூட்டுல குடித்தனம் பண்ணுதே ஒரு ஜீவன், அதுக்குக் கோயிலே கட்டலாம்டா!”

ஜெரிக்கு இருமல் வந்துவிட்டது.

நிலவன் மட்டும் சிரிக்கவில்லை. “ஆறு மாசமா தூங்காம பண்ணது மாமா. ஆல்பம் அட்டையில நாலு பேரும் கையெயுத்து போடறோம். மூணு ஆச்சு. உள்ள கீறவங்க போட்டா பிரஸ்ஸுக்குப் போயிடும். அதுவரைக்கும் பொறுத்துக்க.”

“பேஜாரு புடிச்சவனுக்குக் கையெயுத்து வேறயா? வெளிய வரச் சொல்லுடா. அந்த மூஞ்சிய நானும் பாக்கறேன்.”

பாட்டு நின்றது. ஐஸ் அறையின் கனத்த கதவு முனகிக்கொண்டே திறந்தது. கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்தபடி வெளியே வந்த பட்டம்மாள், நேராக நடந்து வந்து புருஷன் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள்.

“அட்டைய குடு நைனா” என்றாள் நிலவனிடம். “இவுரு காயிதம் அப்பிடியே கெடக்கட்டும்.”