ஊசி விழும் ஓசை

செம்மணல் தேரிக்காட்டில் ஓர் இரும்பாணிகூட இல்லாமல், பனை உத்தரங்களை மர ஆணிகளால் இறுக்கி அந்த ஜெபக்கூடத்தைக் கட்டியவர்கள் பதினொரு பேர். சொந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். இப்போது கூடத்தைச் சுற்றிப் பதினொரு நடுகற்களாக நிற்கிறார்கள். ஒலிபெருக்கி மாட்ட உத்தரத்தில் துளை போட வேண்டும் என்றார் பொறியாளர் தனபால். கூடத்தைப் பெருக்கும் ஞானப்பூ மறித்துக்கொண்டு நின்றாள். "பீடத்துல ஊசி விழுந்தா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும் சார். எங்க வருசாந்தர வழக்கம் அது. கேக்கலன்னா தொளை போடுங்க." ஞாயிறன்று ஞானப்பூ ஊசியோடு பீடத்தில் ஏறி நின்றாள். வழக்கப்படி, கூடியிருந்த சபையார் எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள், ஓசை கேட்டவர் கை தூக்க வேண்டும். தனபாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கண்களை மூடினார். வெளியே காற்றுகூட அடங்கியிருந்தது. சட்டென்று, காதுக்குள்ளேயே விழுந்ததுபோல் ஒரு சன்னமான ஓசை. அவர் கை தானாக உயர்ந்தது. கண் திறந்தபோது கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்திருந்தன. "கேட்டுச்சும்மா. தெளிவாவே கேட்டுச்சு" என்றார். ஞானப்பூ பீடத்தில் நின்றபடியே சன்னல் வழியே கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் இறுகிய அவள் விரல்களுக்கிடையில் ஊசி அப்படியே இருந்தது.