சூப் சட்டம்

"இந்தச் சட்டத்தைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், துணியோட சேர்த்து வெச்சுத் தைச்சுடறேன்!"

தோலோன் போட்ட சத்தத்தில் தையல் மெஷின்கள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின. பிஷ்கெக் நகரத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வேலை செய்யும் சின்னப் பட்டறை அவனுடையது.

எதிரே அனார்கான் அசையாமல் நின்றாள். ஆட்கள் விவகாரம், சட்ட விவகாரம் இரண்டும் அவள் பொறுப்பு.

"போட்டது சர்க்கார், முதலாளி. நான் படிச்சுச் சொல்றேன், அவ்வளவுதான்."

"நாற்காலிக்கு முதுகு வேணும்னீங்க, வாங்கினேன். தீயணைக்கிற சிலிண்டரை இடுப்பு உயரத்துல மாட்டணும்னீங்க, மாட்டினேன். மாட்டி முடிக்கறதுக்குள்ள திருத்தம் வந்துடுச்சு, கீழே இறக்குங்கன்னீங்க. செவுத்துல ஓட்டைதான் மிச்சம். இப்ப என்னடான்னா சாப்பாடும் போடணுமா?"

"காய் போட்டு சூடா ஷோர்போ சூப். கூட ரொட்டி. மத்தியானம் எல்லாரும் ஒரே மேஜையில உட்காரணும். ஒருத்தர் விடாம சாப்பிடறாங்களான்னு முதலாளி நின்னு பார்க்கணும்."

"நான் நின்னு பார்க்கணுமா? நான் என்ன இவங்களுக்கெல்லாம் மாமியாரா?"

"பார்க்கலேன்னா தொழிலாளர் ஆய்வாளர் வந்து கதவை இழுத்துச் சாத்திடுவார்."

தோலோன் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

மறுநாளே பெரிய பானை வந்து இறங்கியது. பயந்தவன் அரைகுறையாகவா செய்வான்? மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏய், கிண்ணத்துல காரட் மிச்சம் இருக்கு பாரு. என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறியா?"

தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்பதால் பெண்களுக்கும் எரிச்சல்.

"இந்த நேரத்துக்கு ரெண்டு கவுன் முடிச்சிருப்பேன்."

"அனார்கான் அக்காவுக்கு வேற வேலை இல்லடி. எங்கேயாவது ஒரு சட்டம் தும்மினாக்கூட ஓடி வந்து சொல்லிடும்."

புதிதாகச் சேர்ந்திருந்த ஜிபார் மட்டும் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்குப் பசிக்கல அண்ணே."

"பசி உன் சொந்த விஷயம். சாப்பிடறது சட்டம். வந்து உட்காரு!"

வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் துணிச் சந்தையில் இன்னொரு பட்டறைக்காரனிடம் தோலோன் புலம்பப் போக, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சூப்புக்குச் சட்டமா? உன்னை எவனோ நல்லா மொட்டையடிக்கிறான்."

தோலோன் முகம் சிவக்கத் திரும்பி வந்தான்.

"நாளைக்கு ஆய்வாளர் வர்றார் அக்கா. நானேதான் கூப்பிட்டிருக்கேன். அப்படி ஒரு சட்டமே இல்லேன்னு அவர் சொல்லட்டும், அந்த நிமிஷமே நீங்க வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

அனார்கான் கையிலிருந்த சட்டக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

ஆய்வாளர் குபாட் என்றால் வட்டாரமே நடுங்கும். ஒரு பல்பு எரியவில்லை என்றால் மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டுப் போகிற ஆள். மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தார். தோலோன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அனார்கானைப் பார்த்தார்.

"எந்தப் பிரிவுல வருது இது?"

"உங்ககிட்ட தனியா சொல்லணும்ணே."

துணி அடுக்கும் அறைக்குள் போனார்கள். குபாட் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, சர்க்கார்ல சட்டத்தை மாத்தற வேகத்துல எனக்கே தலை சுத்துது. உண்மையைச் சொல்லு, இது எப்ப வந்தது? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?"

"இல்லண்ணே. இது நான் போட்டது."

"எது?"

"சட்டம்."

குபாட் பக்கத்தில் இருந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஓரமா உட்கார்ந்திருக்காளே ஜிபார், பச்சை ஸ்கார்ஃப். நாரின் மலைப் பக்கத்துப் பொண்ணு. தம்பி வைத்தியத்துக்குச் சம்பளத்தை அப்படியே அனுப்பிடறா. மத்தியானத்துக்கு வெறும் தண்ணி. ரெண்டு தடவை மெஷின் மேலேயே மயங்கிச் சாஞ்சுட்டா. என் ரொட்டியை நீட்டினா, 'இப்பதான்க்கா சாப்பிட்டேன்'னு சிரிப்பா. அவளுக்கு மட்டும் குடுத்தா வாங்க மாட்டாண்ணே. எல்லாருக்கும்னு ஆனப்புறம்தான் வாயைத் திறந்தா."

"சர்க்கார் பேரைச் சொல்லிப் பொய்! இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும்ணே. அதையும் படிச்சுட்டுத்தான் செஞ்சேன்."

குபாட் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

தோலோன் வாசலிலேயே காத்திருந்தான்.

"சொல்லுங்கண்ணே. அப்படி ஒரு சட்டம் இருக்கா, இல்லையா?"

மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜிபார் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தாள்.

குபாட் நேராகப் பானையிடம் போனார். அகப்பையை விட்டுக் கிளறினார். தூக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"சட்டம் இருக்கு. ஆனா நீ அதை ஒழுங்காக் கடைப்பிடிக்கலையே தம்பி," என்றார். "போன வாரமே திருத்தம் வந்தாச்சு. இதுல ஆட்டுக்கறியும் போடணும்."