ஆறாம் அறையில் ஒரு வார்த்தை

"அண்ணே, இன்னைக்கு என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். கீழே பையை ஒப்படைச்சிட்டு இருக்கா. 'நல்லாருக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவ வாயிலிருந்து வந்துட்டாப் போதும் எனக்கு."

அருங்காட்சியகத்தின் ஆறாம் அறைக் காவலர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கோடைக் கண்காட்சிக்கென்று மூன்று மாதத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர் அவர். அரூப ஓவியம் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பக்கம் மேலே என்பதற்குப் படத்தின் முதுகில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. வேலை நேரத்திலும் வந்தது.

எதிரே நிற்பவருக்கு அவர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் கோணக்கழுத்தார். ஞாயிறு தவறாமல் வருவார். மற்றவர்களைப் போல நேரே நின்று பார்க்கமாட்டார். மூலைக்குப் போய், ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, ஓரமாகப் பார்ப்பார். சில நாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே பார்ப்பார். பெரிய ரசிகர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று காவலரும் ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில் முயன்றார். கலை பிடிபடவில்லை, கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

ஆனால் அந்த அறையில் ஏதோ இருந்தது. அதை அவரும் ஒப்புக்கொள்வார். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே காலெடுத்து வைத்தால், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பொழுது அப்படியே நின்றுவிட்டது போலிருக்கும். சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். குழந்தைகள்கூட மிதப்பது போல நடக்கும். இருப்பது ஏழே படம். மாயம் எதில் இருக்கிறது என்று மூன்று மாதமாகப் பார்த்தும் காவலருக்குத் தெரியவில்லை.

"வீட்டம்மாவுக்கு இதுலெல்லாம் ஆர்வம் உண்டா சார்?"

"அவளுக்கா? கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம். எனக்குப் பெருமையா இருக்கிற எதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. 'இதுல பாக்க என்ன இருக்கு, சாப்பாடு ஆறுது வாங்க'ன்னுடுவா. இன்னைக்குக்கூட, ஏசி நல்லாருக்கும்னு சொல்லித்தான் கிளப்பினேன்."

"அவசரமென்ன, இன்னொரு நாள் நிதானமாக் காட்டுங்களேன்."

"சாயங்காலத்தோட முடியுதே அண்ணே. நாளைக்கு எல்லாம் போயிடும்."

"எங்க போயிடும்? பெட்டியில கட்டி, அடுத்த ஊர்ல கொண்டுபோய் மாட்டுவாங்க. அங்க போய்ப் பாருங்க."

"மாட்டுவாங்க, மாட்டுவாங்க" என்று சிரித்தார் கோணக்கழுத்தார். உதடு மட்டும்தான் சிரித்தது.

காவலருக்கு என்னவோ போலாகிவிட்டது. இந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"என்னங்க, எத்தனை படிங்க! ஏசின்னு சொன்னீங்க, ஏணின்னு சொல்லலையே..." என்று முகத்தைத் துடைத்தபடி வந்த மனைவி, வாசலைத் தாண்டியதும் குரலை இறக்கிவிட்டாள். கணவர் போய் மூலையில் நின்றுகொண்டார், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல.

காவலர் களத்தில் இறங்கினார். "இந்தப் படத்தைப் பாருங்கம்மா. நாலு வருஷம் வரைஞ்சாராம்."

"நாலு வருஷமா? ரெண்டு கோடுதானே இருக்கு? வருஷத்துக்கு அரைக் கோடா?"

"நிதானமான மனுஷர்ம்மா. சரி, இதைப் பாருங்க. இதுக்குப் பேரே கிடையாது."

"பேரு வைக்கக்கூட நேரமில்லாம அப்படி என்ன வேலையாம் அவருக்கு?"

மூன்றாவது படத்தை அவள் திரும்பியே பார்க்கவில்லை. நான்காவதற்கு முதுகைக் காட்டிவிட்டாள். காவலர் மூலையைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மெல்ல நடந்தாள். படமே இல்லாத பக்கமாகப் போய், எதற்கோ காது கொடுப்பவளைப் போல நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் கை தானாக எழுந்தது.

"தொடக்கூடாதும்மா" என்றார் காவலர், பழக்கதோஷத்தில்.

"தொடலைங்க."

காவலர் மூலைக்குப் போய் கிசுகிசுத்தார். "விடுங்க சார். ரசனைங்கிறது கேட்டா வர்றதா? எனக்கே இன்னும் வரலை. வீட்டுக்குப் போய் சண்டை கிண்டை போட்டுடாதீங்க."

கோணக்கழுத்தார் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இப்போது திரும்பி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க, இந்தக் கலரை உங்க கையால அடிச்சீங்கன்னு நம்பவே முடியலைங்க" என்றாள். "நாளைக்கு வந்து இந்தச் சுவர் பூரா வெள்ளை அடிக்கணும்னு சொன்னீங்களே, உங்களுக்கு எப்படிங்க மனசு வரும்?"