பிராக் படங்கள்

பிராக் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், என் கணவர் சேனாபதி அங்கே எடுத்த படங்களை டிவியில் அவ்வப்போது தானாக ஓடும்படி வைத்தார். அன்று மாலையே மாரடைப்பில் போய்விட்டார். இன்று துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கள் சன்னிவேல் நகர வீட்டில் உட்கார்ந்திருக்கையில், இருண்ட திரை ஒளிர்கிறது. பழைய கல்பாலத்தின் நடுவே, மூக்கில் ஐஸ்கிரீம் ஒட்டியிருக்க, கண் இடுங்கச் சிரிக்கிறேன். கூசிப்போய்ச் சோபா இடுக்கில் ரிமோட்டைத் துழாவுகிறேன். எங்கே பார்ப்பதென்று தெரியாத ராஜலக்ஷ்மி ஆன்ட்டி, "ஊரு ரொம்பக் குளிரோ?" என்கிறார். "தென்றல், ஆஃப் பண்ணுடி," என்கிறேன். "இட்ஸ் ஓகே, அம்மா. அப்பா எடுத்தது," என்கிறாள் மகள். அடுத்த படத்தில் இன்னும் பெரிதாகச் சிரிக்கிறேன். அவர் எடுக்கும் எல்லாப் படங்களையும்போல, அதன் மூலையிலும் அவருடைய விரல்நுனி மங்கலாக விழுந்திருக்கிறது.